முக்கோலுக்கு ஒரு சட்டநூல்

யாதவப்பிரகாசர் என்ற பெயரைக் கேட்டதும் வைணவக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு கெட்ட வாத்தியார். சீடன் தன்னை விஞ்சிவிட்டான் என்ற பொறாமையில், காசி யாத்திரை என்று சொல்லி அழைத்துப்போய்க் கங்கையில் மூழ்கடிக்கத் திட்டம் போட்டவர். அந்தச் சீடர்தான் ராமானுஜர். தம்பி முறையான கோவிந்தர், பின்னாளில் எம்பார் ஆனவர், விஷயத்தைச் சொல்லி எச்சரித்ததும், காட்டில் வேடுவத் தம்பதி வழிகாட்டியதும், விடிந்து பார்த்தால் காஞ்சிக்குப் பக்கத்தில் சாலைக் கிணற்றருகே நின்றதும் உபன்யாசங்களில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான கதை. அந்த வாத்தியார் பாடம் நடத்திய ஊர் திருப்புட்குழி என்பது மரபு.

கதையின் கடைசிப் பகுதியை மட்டும் எல்லோரும் அவசரமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். யாதவர் மனம் மாறினார், பழைய சீடரையே ஆசாரியராக ஏற்றார், கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார், அவர் கட்டளைப்படி ஒரு நூல் எழுதினார். நூலின் பெயர் யதிதர்ம சமுச்சயம். துறவிகளுக்கான சட்டத்தை ஒரே இடத்தில் திரட்டித் தரும் நூல்களில், இன்று கையில் கிடைப்பவற்றுள் மிகப் பழையது இதுதான் என்று அதைப் பதிப்பித்த அறிஞர் சொல்கிறார். கொலைத் திட்டத்துக்கு அரை மணி நேரமும் இந்த நூலுக்கு அரை நிமிஷமும் ஒதுக்குவது நியாயமில்லை.

திருப்புட்குழி, காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூரு சாலையில், பாலுசெட்டிசத்திரத்துக்கு அருகில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் விஜயராகவர், தாயார் மரகதவல்லி. ராவணனோடு போரிட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமன் மகனாக நின்று ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். கோயில் குளத்துக்கே ஜடாயு தீர்த்தம் என்றுதான் பெயர். குழந்தை வரம் வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு படுப்பதும், அது முளைத்தால் வரம் பலித்ததாகக் கொள்வதும் இங்கே வழக்கம். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் வேதாந்தம் படிக்க வெளியூர்களிலிருந்து மாணவர்கள் தேடி வந்த ஊர் இது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ராமானுஜர் பிறந்தது மரபுக் கணக்குப்படி 1017இல், ஸ்ரீபெரும்புதூரில். தந்தை காலமான பின் காஞ்சிக்கு வந்து யாதவரிடம் சேர்ந்தார். இருவருக்கும் முறிவு வந்த இடமாக எல்லோரும் சொல்வது சாந்தோக்கிய உபநிடதப் பாடம். பரம்பொருளின் கண்களைத் தாமரைக்கு ஒப்பிடும் தொடருக்கு, குரங்கின் பின்புறம்போலச் சிவந்த தாமரை என்று யாதவர் பொருள் சொன்னாராம். அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ராமானுஜரின் கண்ணீர் சுடச்சுட அவர் தொடையில் விழுந்ததாம். சூரியனால் மலர்ந்த தாமரை என்ற மாற்று விளக்கத்தை ராமானுஜர் பின்னாளில் வேதார்த்த சங்கிரகத்தில் எழுதியும் வைத்தார். ஒன்றை மட்டும் யாதவர் சார்பாகச் சொல்லியாக வேண்டும். குரங்கு விளக்கம் அவர் கற்பனை இல்லை. அவருக்குப் பல தலைமுறை முன்னால் எழுதப்பட்ட சங்கரரின் உரையிலேயே இருக்கிறது. வாத்தியார் தமக்கு முந்தைய உரையைத்தான் ஒப்பித்திருக்கிறார்.

குருபரம்பரைக் கதைகள் அவரை ஒற்றைக்கோல் ஏந்திய மாயாவாதியாக, அதாவது அத்வைதத் துறவியாக, காட்டுகின்றன. ஆனால் ராமானுஜரும் பின்வந்த ஆசாரியர்களும் எடுத்துக்காட்டி மறுக்கும் யாதவரின் கொள்கை வேறு. பிரம்மத்தோடு உயிரும் உலகும் வேறாகவும் இருக்கின்றன, வேறல்லாமலும் இருக்கின்றன என்னும் பேதாபேதம் அது. அந்தக் கொள்கையை நிறுவி அவர் எழுதிய பிரம்மசூத்திர உரை தொலைந்துவிட்டது. கீதை உரையும் போய்விட்டது. மறுத்தவர்கள் மேற்கோள் காட்டிய வரிகள் மட்டும் மிச்சம். தத்துவத்தில் யாதவரின் குரல் எதிராளிகளின் ஏட்டில்தான் கேட்கிறது. துறவறச் சட்டத்தில் அவர் நேராகவே பேசுகிறார்.

இனி நூல் பிறந்த கதை. காஞ்சியில் வரதராஜர் முன்னிலையில் ராமானுஜர் துறவு ஏற்றார், எதிராசர் ஆனார். யாதவரின் வயதான தாய்க்கு, மகன் அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் வந்தது. மகனுக்கு ஒரு தடை. பூணூலையும் குடுமியையும் களைந்துவிட்டவர் மறுபடி அவற்றை ஏற்க வேண்டுமானால் பிராயச்சித்தம் உண்டு. பூமியையே வலம்வர வேண்டும். அந்த வயதில் நடக்கிற காரியமா? ராமானுஜரை வலம் வந்தால் போதும் என்று பெருமாள் கனவில் சொன்னதாகக் கதை போகிறது. வலம் வந்தார், முக்கோல் பெற்றார், நூல் எழுதினார்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நான் அதில் கவனிப்பது, மனமாற்றத்தைச் சொல்ல வந்த இடத்தில்கூட சட்டம் நுழைந்துவிடுகிறது என்பதை. பூணூலும் குடுமியும் போனால் என்ன தண்டனை, அதற்கு மாற்று என்ன, யார் விலக்குத் தரலாம்? நூல் எழுதியவர் தம் வாழ்க்கையிலேயே சந்தித்ததாகச் சொல்லப்படும் கேள்விகள் இவை.

முக்கோல் தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. அந்தணர்க்கு உரியவை என்று தொல்காப்பிய மரபியல் அடுக்கும் பொருள்களில் நூலும் கரகமும் மணையும் முக்கோலும் இருக்கின்றன. முல்லைப்பாட்டில் பாசறையை வருணிக்கும் நப்பூதனார், வீரர்கள் ஊன்றிவைத்த வில்லுக்கு, காவி தோய்த்த ஆடையைத் தொங்கவிட்ட பார்ப்பானின் முக்கோலை உவமை சொல்கிறார். மூன்று மூங்கில் கோல்களைச் சேர்த்துக் கட்டியது அது. மனம், வாக்கு, உடல் மூன்றையும் அடக்கியவனே திரிதண்டி என்று மனு விளக்கம் தருகிறார். ராமானுஜர் காலத்துக்குள் இந்தக் கோல் ஒரு கட்சிக்கொடி ஆகிவிட்டிருந்தது. அத்வைதத் துறவிகளுக்கு ஒற்றைக்கோல். குடுமியும் பூணூலும் கிடையாது. வைணவத் துறவிகளுக்கு முக்கோல், இரண்டும் உண்டு. இன்றும் காஞ்சித் தெருவில் சங்கர மடத்துத் துறவியையும் வைணவ ஜீயரையும் பார்த்தாலே வேறுபாடு கண்ணில் படும்.

எது சரி? வேதம் ஓரிடத்தில் ஒன்று சொல்கிறது, ஸ்மிருதிகள் ஆளுக்கொன்று சொல்கின்றன. தலையை மழிக்கலாம், அல்லது குடுமி வைத்துக்கொள்ளலாம் என்று கௌதமர் இரண்டுக்கும் இடம் விட்டுவிட்டார். இப்படி முரண்படும் விதிகளைத் தேடித் திரட்டி, தலைப்பு வாரியாக அடுக்கி, எது பொது விதி, எது விலக்கு, எது யாருக்கு என்று பிரித்துக் காட்டுவதுதான் நிபந்தம் என்னும் நூல்வகையின் வேலை. அடுக்குகிறவர் தம் கருத்தை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மேற்கோளை முதலில் வைக்கிறார், எதற்கு அடுத்து எதை நிறுத்துகிறார் என்பதே தீர்ப்பு. யாதவர் அந்த வழியில் முக்கோல், குடுமி, பூணூல் பக்கம் தம் நூலை நிறுத்தினார்.

இந்த வகை நூல்களின் உலகம் மிக நுட்பமானது. பிச்சைக்கு எப்போது போகலாம் என்ற ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். மனு சொல்வது: அடுப்புப் புகை அடங்கியிருக்க வேண்டும்; உலக்கை ஓய்ந்திருக்க வேண்டும்; தணல் அவிந்திருக்க வேண்டும்; வீட்டார் சாப்பிட்டு எச்சில் கலம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகே துறவி வாசலில் நிற்கலாம். துறவிக்கென்று யாரும் ஒரு பிடி கூடுதலாக உலையில் போடக்கூடாது என்பதுதான் இதன் உட்பொருள். மிஞ்சியதில்தான் அவனுக்கு உரிமை. ஒரே வீட்டில் வயிறு நிறையக்கூடாது, தேனீபோல வீடு வீடாகக் கொஞ்சம் கொஞ்சம். மாதுகரம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. குடிக்கும் நீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். மழைக்காலத்தில் நடக்கக்கூடாது, காலடியில் புழு பூச்சி சாகும். அதனால் சாதுர்மாஸ்யம் என்று ஓரிடத்தில் தங்க வேண்டும். இறந்தால் தகனம் கிடையாது, மண்ணில்தான் சேர்ப்பார்கள். அந்த இடம் வைணவர் பேச்சில் திருவரசு. எல்லாவற்றையும் விட்டவனுக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று கேட்கத் தோன்றும். விட்டவனுக்குத்தான் வேண்டும். வீடும் ஊரும் சொந்தமும் கட்டிப்போடாத ஒருவனை வேறு எது கட்டும்?

காஞ்சியில் இந்தக் கேள்வியை யோசித்தவர்கள் வைதிகர் மட்டுமல்லர். பாலி உரையாசிரியர் புத்தகோசர் காஞ்சியில் தங்கியதைத் தம் உரை ஒன்றின் முடிவுரையில் குறிப்பிடுகிறார். பிக்குகளின் ஒழுக்கச் சட்டமான வினயத்துக்குப் பெரிய உரையான சமந்தபாசாதிகாவும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. சமணருக்குத் திருப்பருத்திக்குன்றம் இருந்தது. அவர்கள் துறவிகளும் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குபவர்கள். யாதவர் வாழ்ந்த வட்டாரத்தில் துறவிச் சட்டம் பல சமயங்களின் பேச்சாக இருந்தது.

வெளியுலகத்தோடு ஒப்பிட்டால் அவருடைய காரியத்தின் அளவு தெரியும். காசியை ஆண்ட காகடவால மன்னர் கோவிந்தசந்திரனின் அமைச்சர் லட்சுமீதரர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிருத்யகல்பதரு என்ற பிரம்மாண்டமான தர்மத் திரட்டைத் தொகுத்தார். அதில் மோட்ச காண்டம் ஒரு பகுதி. இத்தாலியின் போலோஞாவில் கிராசியன் 1140 வாக்கில், கிறிஸ்தவத் திருச்சபையின் முரண்பட்ட விதிகளைச் சேர்த்து இசைவுபடுத்தினார். ஐரோப்பியத் திருச்சபைச் சட்டப் படிப்பே அதன்மேல் எழுந்தது. இருவருக்கும் முன்னால் யாதவர். லட்சுமீதரருக்குப் பின்னால் அரசன் இருந்தான். கிராசியனின் நூலுக்குப் போப்பும் திருச்சபை மன்றங்களும் கிடைத்தன. யாதவர் நூலுக்கு அமல்படுத்த மன்றமோ தண்டிக்க அதிகாரியோ இல்லை. ஏற்றுக்கொண்டவர்களின் நடத்தையால் மட்டுமே அது சட்டமாக நின்றது. மூன்றில் என் மதிப்பு இதற்கே அதிகம்.

எழுதி முடித்த பின் நூல் ஜீயர்களின் கைக்குப் போனது, விவாதம் அடங்கவில்லை. காஞ்சி தூப்புல்லில் பிறந்த வேதாந்த தேசிகர், அத்வைதத்தை மறுக்கும் சததூஷணியில் துறவியின் சின்னங்களுக்கென்றே ஒரு வாதத்தை ஒதுக்கினார். திருப்புட்குழிப் பெருமாள்மேல் பரமார்த்த ஸ்துதி பாடியவரும் இதே தேசிகர்தான்.

யாதவர் பெயரில் இன்னொரு நூலும் பிழைத்தது. வைஜயந்தி என்ற வடமொழி நிகண்டு. சொற்களை எழுத்தெண்ணிக்கையும் பாலும் பார்த்து அடுக்கிய நூல். காளிதாசனுக்கு உரை எழுதிய மல்லிநாதர் சந்தேகம் வரும் இடங்களில் யாதவர் இப்படிச் சொல்கிறார் என்று அதைத்தான் சாட்சிக்கு அழைப்பார். சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த ஜெர்மானியர் குஸ்டாவ் ஓப்பெர்ட் அதை 1893இல் சென்னையில் அச்சிட்டார். நிகண்டுக்காரரும் ராமானுஜரின் ஆசிரியரும் ஒருவரே என்பது மரபு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருத்தமாகவே படுகிறது. சொல்லை அடுக்கிய அதே புத்திதான் விதியையும் அடுக்கியிருக்கிறது.

யதிதர்ம சமுச்சயத்துக்கு உலக வெளிச்சம் வர இன்னொரு நூறு ஆண்டு ஆனது. கொண்டுவந்தவர் இலங்கையில் பிறந்த பேட்ரிக் ஒலிவெல். ஆக்ஸ்ஃபோர்டில், திராவிடச் சொற்பிறப்பு அகராதியை எமனோவுடன் சேர்ந்து உருவாக்கிய தாமஸ் பரோவிடம் படித்தவர். பென்சில்வேனியாவில் முனைவர் பட்டத்துக்கு வாசுதேவாசிரமர் என்ற அத்வைதத் துறவியின் யதிதர்மப் பிரகாசத்தை எடுத்துக்கொண்டார். ஒற்றைக்கோல் தரப்பைப் படித்து முடித்தவர் பின்னர் முக்கோல் தரப்புக்கு வந்தார். சுவடிகளை ஒப்பிட்டு, மூலத்தைச் செம்மைசெய்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1995இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்டார்.

திருப்புட்குழி வாத்தியாரைப் பொறாமைக்காரர் என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று உபன்யாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நூலுக்கும் நேரம் ஒதுக்கி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள். காஞ்சி வட்டாரத்தில் பழைய அக்கிரகார வீடுகளில் வாழ்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பரணில் கிரந்த எழுத்துச் சுவடிக்கட்டு கிடந்தால், புரியவில்லை என்று பழைய சாமான்காரரிடம் போட வேண்டாம், ஆடிப்பெருக்கில் ஆற்றிலும் விட வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, அடையாறு நூலகம் இருக்கிறது. அங்கே படித்துச் சொல்ல ஆள் உண்டு. யாதவரின் பிரம்மசூத்திர உரை இன்னும் கிடைக்கவில்லை.