பென்டிரைவ் வழி இயங்குதளம் நிறுவுதல்

பென்டிரைவ் வழி இயங்குதளம் நிறுவுதல் என்பது, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் நிறுவல் கோப்புகளை ஒரு யூ.எஸ்.பி. நினைவகத்தில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ இயங்குதளத்தைப் பதிக்கும் முறை. சர்வீஸ் கடைகளில் இதை ‘ஓ.எஸ். போடுவது’ என்பார்கள். பழைய தரவை அழித்துவிட்டுச் செய்தால் ‘ஃபார்மேட் அடிப்பது’. தமிழ்நாட்டில் அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் இருப்பதால், இந்த வேலையைத் தெரிந்துவைத்திருப்பதன் பயன் இங்கே மிக அதிகம்.

வரலாறு

1990களின் நடுப்பகுதிவரை இயங்குதளங்கள் ஃபிளாப்பிகளில் வந்தன. நிறுவும்போது ஒவ்வொன்றாக மாற்றிப் போட வேண்டும். குறுந்தகட்டிலிருந்தே கணினியைத் தொடங்க வழிசெய்த ‘எல் டோரிட்டோ’ தரநிலை 1995-இல் வந்தது. 2000-ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த முதல் பென்டிரைவ்களின் கொள்ளளவு 8 எம்.பி. அளவில்தான் இருந்தது, ஒரு முழு இயங்குதளம் அதில் அடங்காது. கொள்ளளவு பெருகி, சி.டி. டிரைவ் இல்லாத நெட்புக்குகள் விற்பனைக்கு வந்த பிறகு பென்டிரைவ் முதன்மை வழியானது. விண்டோஸ் 7-ஐ பென்டிரைவில் ஏற்றும் கருவியை மைக்ரோசாஃப்ட் 2009-இல் வெளியிட்டது. இதே வேலைக்கான ரூஃபஸ் கருவி 2011-இலும், பல ஐ.எஸ்.ஓ. கோப்புகளை (நிறுவல் வட்டின் முழு நகல்களை) ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ள உதவும் வென்டாய் 2020-இலும் வந்தன.

இயங்கும் விதம்

கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை நிரல். அது எந்தச் சாதனத்திலிருந்து தொடங்கலாம் என்று ஒரு வரிசைப்படி தேடும். பழைய பயாஸ் முறையில் அது வட்டின் முதல் செக்டாரை மட்டும் படிக்கும். அந்த 512 பைட்டுகளில் தொடக்க நிரலுக்கு 446 பைட்டுகள், பகிர்வு அட்டவணைக்கு 64, கடைசியில் அடையாளக் குறிக்கு 2. நிறுவல் கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் இந்த முதல் செக்டார் மாறாது. பழைய கணினிகளில் அப்படித் தயாரித்த பென்டிரைவ் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான்.

இன்றைய யு.இ.எஃப்.ஐ. முறை, ஃபேட்32 வடிவப் பகிர்வில் குறிப்பிட்ட கோப்புறையில் இருக்கும் தொடக்கக் கோப்பைத் தேடி இயக்குகிறது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது. விண்டோஸின் முதன்மை நிறுவல் கோப்போ பல வேளைகளில் அதைத் தாண்டிவிடும். அந்தக் கோப்பைத் துண்டாக்குவதோ, என்.டி.எஃப்.எஸ். பகிர்வைப் படிக்க உதவும் சிறு நிரலைச் சேர்ப்பதோ தயாரிப்புக் கருவியின் பொறுப்பு.

நிறுவும் படிகள்

முதல் வேலை பேக்கப். புகைப்படங்கள், சான்றிதழ்கள், கணக்குக் கோப்புகள் எல்லாம் வேறொரு வட்டில் ஏறிய பிறகே மற்றவை. பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கும் கணினியாக இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதிவைக்க வேண்டும். அது இல்லாமல் பூட்டிய வட்டைத் திறக்க வழியில்லை.

அடுத்து, ஐ.எஸ்.ஓ. கோப்பை வெளியீட்டாளரின் தளத்திலிருந்தே இறக்கி, அங்கே தந்துள்ள எஸ்.எச்.ஏ.-256 மதிப்போடு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். விண்டோஸுக்கு 8 ஜி.பி. பென்டிரைவாவது வேண்டும். ரூஃபஸ் போன்ற கருவியால் ஐ.எஸ்.ஓ. கோப்பை ஏற்றித் தயாரிக்கும்போது அதில் இருப்பவை அழிந்துவிடும். மேலே அச்சிட்ட கொள்ளளவு உண்மையில் இல்லாத போலி பென்டிரைவ்களும் சந்தையில் உண்டு. அவற்றில் எழுதும்போது பிழை காட்டாமல், பிறகு நிறுவல் பாதியில் நின்றுவிடலாம்.

பிறகு கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கியவுடன் பூட் மெனுவுக்கான விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஸ்கேப் அல்லது எஃப்9. பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யு.இ.எஃப்.ஐ. என்ற முன்னொட்டு உள்ளதைப் புதிய கணினிகளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிகக் கவனம் வேண்டிய இடம் பகிர்வுத் திரை. அங்கே ‘வட்டு 0’, ‘வட்டு 1’ என்று எண்களாகத்தான் தெரியும். எது உள்வட்டு, எது பென்டிரைவ் என்பதைக் கொள்ளளவை வைத்து உறுதிசெய்த பிறகே அழிக்க வேண்டும். விண்டோஸுடன் லினக்ஸையும் வைத்துக்கொள்ளும் டூயல் பூட் முறையில், முதலில் விண்டோஸுக்குள்ளேயே அதன் பகிர்வைச் சுருக்கிக் காலியிடம் விட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

வழக்கமாகத் தடுமாற வைக்கும் சிக்கல்கள் இரண்டு. இன்டெலின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான பல மடிக்கணினிகளில் விண்டோஸ் நிறுவி ‘வட்டே இல்லை’ என்று காட்டும். வட்டு பழுதாகவில்லை, வி.எம்.டி. என்னும் சேமிப்பக டிரைவரைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினால் வட்டு தெரியும். மற்றொன்று, விண்டோஸ் 7 நிறுவியில் யூ.எஸ்.பி. 3.0 டிரைவர் இல்லாதது. ஓரளவு புதிய கணினியில் நிறுவி தொடங்கியதும் விசைப்பலகையும் மவுஸும் செயலற்றுப் போவதற்கு அதுதான் காரணம்.

தமிழ்நாட்டில்

மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் இணைந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது இது. 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தில், தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிய கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பல மாணவர்களுக்கு, ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்க முடியும் என்பதை முதலில் காட்டியது கணினியை இயக்கியதும் தோன்றும் தொடக்கப் பட்டியல்தான்.

நிறுவும் திரையே தமிழில் வருவதும் பாஸ் லினக்ஸ் வெளிவந்த காலத்தில்தான் கைகூடியது. 2007-இல் வெளியான டெபியன் 4.0, வரைகலை நிறுவியை அறிமுகப்படுத்தியது. பழைய எழுத்துத்திரை நிறுவியில் காட்ட முடியாத தமிழ் எழுத்துகளை அதில் படிக்க முடிந்தது. உழைத்து மொழிபெயர்த்த தன்னார்வலர்களால், ஆங்கிலம் தெரியாதவரும் ‘இந்த வட்டு முழுதும் அழியும்’ என்ற எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு தொடரலாம். ‘கணியம்’ இதழ் 2012 முதல் லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் வட்டார லினக்ஸ் பயனர் குழுக்களும் இந்த அறிவைப் பரப்பிவருகின்றன.

குன்றத்தூர் வட்டாரம்

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர், 2021-இல் நகராட்சியானது. இதற்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி. டெல் நிறுவனம் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் கணினி உற்பத்தியைத் தொடங்கியது. ஹெச்.பி. கணினிகளும் அங்குள்ள ஃபிளெக்ஸ் ஆலையில் உருவாகின்றன. தென்கிழக்கே குரோம்பேட்டையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யூ.-கே.பி.சி. மையம் இருக்கிறது. கணினி உருவாகும் இடத்துக்கும், இந்திய இயங்குதளம் ஒன்றுக்கு வித்திட்ட இடத்துக்கும் நடுவே இந்த ஊர் அமைந்திருக்கிறது.

பெருவாரி உற்பத்தியில் யாரும் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து நிறுவுவதில்லை. முன்பே தயாரித்த ஒரு இமேஜைப் பிரதி எடுத்து எல்லா வட்டுகளிலும் பதிப்பதே வழக்கம். உதிரிபாக ஆலைகளின் சி.என்.சி. போன்ற இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினிகளின் கதை வேறு. அவற்றில் பழைய விண்டோஸ் பதிப்புகள் ஆண்டுக்கணக்கில் ஓடலாம்; வட்டு பழுதானால் இயங்குதளத்தை மட்டும் போட்டுப் பயனில்லை. இயந்திரத்தின் மென்பொருள், உரிமச் சாவி, அளவீட்டு அமைப்புகள் எல்லாம் வேண்டும். ஆகவே, நன்றாக ஓடும்போதே முழு வட்டையும் இமேஜாக எடுத்துப் பத்திரப்படுத்துவது பராமரிப்புப் பிரிவின் அடிப்படைக் கடமை. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் தீம்பொருள், இணையத் தொடர்பற்ற கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள்ளும் பென்டிரைவ் வழியாக நுழைந்தது. பல ஆலைகளில் யூ.எஸ்.பி. வாயில்களை முடக்கி, அனுமதி பெற்ற பென்டிரைவை மட்டும் அனுமதிப்பதற்கு இத்தகைய ஆபத்தே காரணம்.

பழைய கணினிகளும் மறுபயன்பாடும்

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், 4 ஜி.பி. ராம் ஆகியவற்றோடு, இன்டெல் செயலியானால் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். இந்த வரம்புக்குள் வராத கணினியைக் குப்பை என்று ஒதுக்குவது தவறு. முதல் ஆண்டுகளின் அரசு மடிக்கணினிகளில் உள்ள 2 ஜி.பி. ராமுக்கு எல்.எக்ஸ்.கியூ.டி. அல்லது எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலகுவான திரைச்சூழலுடன் டெபியன் பொருந்தும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கண்கூடாகக் கூடும். ஆவணம் தட்டச்சு செய்யவும் நிரலாக்கம் பழகவும் இது போதும்.

லினக்ஸ் பென்டிரைவ்கள் பலவற்றில் ‘லைவ்’ வசதி உண்டு. வட்டைத் தொடாமலேயே இயங்குதளத்தை ஓட்டி, வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவலாம். விண்டோஸ் திறக்காத கணினியிலிருந்து கோப்புகளை மீட்கவும் இதே வசதி உதவும். எனவே பயனர் ஒவ்வொருவரும் சரிபார்த்த ஒரு லைவ் பென்டிரைவைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. கணினி பழுதான பிறகு அதைத் தயாரிக்க இன்னொரு கணினியைத் தேட வேண்டியிருக்கும்.