எலக்ட்ரான் டோமோகிராபி

எலக்ட்ரான் டோமோகிராபி என்பது செல்லின் உட்கட்டமைப்பை முப்பரிமாணத்தில் காட்டும் நுண்ணோக்கி முறை. மாதிரியை எலக்ட்ரான் கற்றையின் கீழ் ஓரிரு டிகிரியாகச் சாய்த்துப் படமெடுத்து, அப்படங்களிலிருந்து முழு உருவத்தையும் கணினி மீட்டெடுக்கிறது.

1945-இல் போர்ட்டர், கிளாட், ஃபுல்லம் மூவரும் கோழிக்கருச் செல் ஒன்றை முழுதாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தனர். ஆனால் செல்லின் ஆழத்தில் இருந்ததெல்லாம் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகிடந்தது. 1968-இல் கேம்பிரிட்ஜில் டிரோசியரும் க்ளூக்கும் டி4 வைரஸின் வாலை முப்பரிமாணத்தில் மீட்டனர். வாலின் திருகுச் சமச்சீர் அவர்களுக்குத் துணைநின்றது. சமச்சீரற்ற பொருள்களுக்கான வழியை அதே ஆண்டில் ஹாப்பேயும் ஹார்ட்டும் தனித்தனியே முன்வைத்தனர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் அமைப்பைக் கண்டறிந்த ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, ஃபூரியர் மாற்றம் இல்லாமலே உருவை மீட்கும் கணித முறையை 1971-இல் வெளியிட்டார். ‘ராம்-லாக்’ வடிகட்டி என அவர்கள் பெயரிலேயே வழங்கும் அதைச் சி.டி. ஸ்கேனோடு மட்டும் சேர்த்துப் பேசுவது போதாது. எக்ஸ்-கதிர்ப் படங்களோடு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களையும் அக்கட்டுரை தலைப்பிலேயே குறிப்பிட்டது.

எலக்ட்ரான் டோமோகிராபியின் வலிமையை முழுமையாக உணர்த்தியது மைட்டோகாண்ட்ரியா. அதன் உட்சவ்வு அகன்ற மடிப்புகளாக உள்நோக்கி வளைகிறது என்றே 1950-களில் பலாடே எடுத்த படங்களைக் கொண்டு பாடநூல்கள் வரைந்துவந்தன. 1990-களில் மன்னெல்லா, ஃப்ரே, பெர்க்கின்ஸ் ஆகியோரின் டோமோகிராம்களில் வேறோர் அமைப்பு தெரிந்தது. கிரிஸ்டே எனப்படும் அந்த மடிப்புகள் சுமார் 30 நானோமீட்டர் அகலமே உள்ள குழாய் வாயில்களால்தான் உட்சவ்வின் விளிம்போடு இணைந்திருந்தன. அப்படியானால் கிரிஸ்டேயின் உட்புறம் ஏறக்குறைய ஒரு தனி அறை. செல் இறக்கும்போது அங்கிருந்து சைட்டோகுரோம்-சி புரதம் எப்படி வெளியேறுகிறது என்ற கேள்வியையே இது மாற்றி எழுதியது. தட்டையான வெட்டுப்படங்களில் இந்த வாயில்கள் அரிதாகவே சிக்கும்.

வழக்கமாகச் செல்களை நீரகற்றி, பிசினில் பதித்து, சாயமேற்றியே பார்த்தனர். படிகமாகாதபடி நீரை நொடிக்குள் உறையவைக்கும் முறையை 1980-களின் தொடக்கத்தில் ஹைடல்பர்கில் டுபோஷே குழு உருவாக்கியதும், செல்லை இயல்பு நிலையிலேயே காண வழி பிறந்தது. உறைந்த செல் எலக்ட்ரான் தாக்குதலை அதிகம் தாங்காது என்பதால், தாங்கும் அளவைப் படங்கள் அனைத்துக்கும் பங்கிட்டாக வேண்டும். மார்டின்ஸ்ரீடில் பௌமைஸ்டர் குழு சாய்த்தலையும் குவித்தலையும் தானியங்கியாக்கி அந்த அளவு விரயமாவதைக் குறைத்தது. 2002-இல் அக்குழு டிக்டியோஸ்டீலியம் செல்லுக்குள் ஆக்டின் வலையையும் புரோட்டியசோமையும் இருந்த இடத்திலேயே காட்டியது.

குறைகளும் உண்டு. சுமார் 60, 70 டிகிரிக்கு மேல் சாய்க்க இயலாததால் உருவம் கற்றையின் திசையில் சற்று நீண்டு தெரியும். தடித்த செல்லை எலக்ட்ரான்கள் ஊடுருவா. எனவே அயனிக் கற்றையால் அதைச் சுமார் 200 நானோமீட்டர் தகடாகச் செதுக்குகின்றனர். மைக்கோபிளாஸ்மா நிமோனியே போன்ற சிறிய பாக்டீரியாவுக்கு அதுவும் தேவையில்லை. அதன் ரைபோசோம்கள் புரதம் கோக்கும் வெவ்வேறு கட்டங்களை, செல்லுக்குள்ளேயே அணுநிலை நுட்பத்தோடு, 2022-இல் மகாமித் குழு வெளியிட்டது.