தோற்பதற்கும் வசதி வேண்டும்!

குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, ராஜேந்திர பிரசாத் சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் அஸ்தினாபுரம் வந்துவிடும். கேஸ் சிலிண்டர் வண்டியும் டியூஷன் சென்டர் போர்டுமாக, அசல் நடுத்தர வர்க்கத்துப் புறநகர். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சகுனி... பகடை... சபையில் நாட்டை வைத்துத் தோற்ற தருமன். சரிதானே?

அந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத ஓர் இடம் உண்டு. முதல் ஆட்டத்தில் தருமன் நாடு, தம்பிகள், மனைவி என்று எல்லாவற்றையும் தோற்கிறான். அப்புறம் என்ன ஆகிறது? திருதராஷ்டிரன் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்! மறுபடி ஆடித் தோற்ற பிறகுதான் வனவாசம். ராஜா வீட்டுச் சூதாட்டத்தில் தோற்றவனுக்கு இரண்டாவது வாய்ப்பு இருந்தது. ரேஷன் அரிசிக்கு வைத்திருந்த காசில் லாட்டரி வாங்கினவனுக்கு எந்தத் திருதராஷ்டிரன் வந்தான்?

இந்தப் பகடைக் கதை சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. 1957-ல் பம்பாய்க் குறுக்கெழுத்துப் போட்டி வழக்கில், சூதாட்டம் ஒரு வியாபாரமே அல்ல, அதற்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்பு வந்தது. அதில் ரிக் வேதத்துச் சூதாடியும் வருகிறான், பாண்டவர்களும் வருகிறார்கள்.

அத்தோடு முடிந்ததா? அதுதான் இல்லை. 1967-ல் வேறொரு வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஜெயிக்கிற ஆட்டம் என்றது அதே கோர்ட். ஆக, அதிர்ஷ்டம் என்றால் சூது, திறமை என்றால் விளையாட்டு. இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று பாருங்கள்... வேடிக்கையாக இருக்கும்.

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் கிண்டி. அங்கே ரேஸ் கோர்ஸ். குதிரை மேல் பணம் கட்டிக் குடும்பங்கள் அழிகின்றன என்று 1974-ல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. கிளப் விடவில்லை. 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல!

அந்தக் கிளப் இருந்த சுமார் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு 1945-ல் போட்ட குத்தகை, வருஷத்துக்கு எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய் சொச்சம்! வாடகை பாக்கி நூற்றுக்கணக்கான கோடி என்று சொல்லி, 2024 செப்டம்பரில்தான் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. விவகாரம் மறுபடி கோர்ட்டுக்குப் போனது.

இப்போது ஏழையின் பக்கம் வாருங்கள். 1967-ல் கேரளா அரசு லாட்டரியைத் தொடங்கியது. மறு வருஷமே அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அதன் கோஷம். காது குளிரத்தான் இருந்தது! ஆனால் நாட்டுக்குப் போன பணம் யாருடையது? கார் வைத்திருப்பவர் பஸ் ஸ்டாண்ட் கடையில் நின்று சீட்டு வாங்கவில்லை. மூட்டை தூக்குகிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும்தான் வாங்கினார்கள். வரி என்றால் வசதிக்கு ஏற்ப வசூலிக்க வேண்டும். லாட்டரியோ, இல்லாதவனின் ஆசைக்கு ஏற்ப வசூலித்தது. பிறகு பூட்டான், சிக்கிம் என்று வெளியூர்ச் சீட்டுகளும் குவிந்தன. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரி அத்தனையையும் தடை செய்தது. கேரளாவில் அரசு லாட்டரி தொடர்கிறது.

‘யாரோ ஒருத்தர் ஜெயிக்கத்தானே செய்கிறார்?’ என்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கலும் ஹைகன்ஸும் மண்டையைக் குடைந்துகொண்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நீங்களும் ஒரு பணக்காரரும் பூவா தலையா போடுகிறீர்கள். தடவைக்கு ஒரு ரூபாய். துளி ஏமாற்று இல்லை. உங்கள் பையில் 100 ரூபாய், அவர் பையில் 9,900. யாராவது ஒருவர் ஓட்டாண்டி ஆகும்வரை ஆட்டம். அவர் ஓட்டாண்டி ஆக நூற்றில் ஒரு வாய்ப்புதான். மற்ற தொண்ணூற்றொன்பதும் உங்களுக்கு! காசு நியாயமாகத்தான் விழுகிறது. ஆனால் அவரால் நூறு ரூபாய் தோற்றுவிட்டும் உட்கார்ந்து ஆட முடியும், உங்களால் முடியாது. இது நியாயமான ஆட்டத்துக்கான கணக்கு. நடத்துபவர் கமிஷன் எடுத்துக்கொள்கிற லாட்டரியில் நிலைமை இன்னும் மோசம்.

இதே ஆட்டம் அப்புறம் செல்போனுக்குள் புகுந்தது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது, தமிழக அரசு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடை செய்ய முடியாது என்றது. மறுபடியும் அதே கோடு! கடைசியில் 2025 ஆகஸ்டில், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை போடும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

ஜெயிப்பது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா என்று அறுபது வருஷம் வாதாடியாயிற்று. தோற்றால் நாளைக்கு அந்த வீட்டில் உலை வைப்பார்களா என்ற கேள்வி மட்டும் கடைசி வரிசையிலேயே நின்றது. அஸ்தினாபுரத்துச் சபையில், பணயமாக வைக்கப்பட்ட திரௌபதிதான் முதலில் கேள்வி கேட்டாள். நம் ஊரிலும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.