நண்பரின் தாள்களும் ஒரு வீட்டின் அறையும்: இராமானுஜனின் ‘தொலைந்த’ ஏடு

1976ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் ஒரு தாள்கட்டைப் பிரித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். விளக்கச் சொற்கள் மிக அரிது. நிறுவல் ஏறக்குறைய இல்லை. கையெழுத்து சீனிவாச இராமானுஜனுடையது. அன்று முதல் அது ‘தொலைந்த நோட்டுப்புத்தகம்’ என்று வழங்குகிறது.

இப்பெயரின் இரு சொற்களும் பொருந்துவன அல்ல. அது நோட்டுப்புத்தகம் அன்று, உதிரித் தாள்களின் தொகுப்பு. அது தொலையவும் இல்லை. எப்போதும் யாரோ ஒருவரின் பொறுப்பில் இருந்தது. ஆகவே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா, அது எங்கே தொலைந்தது என்பதன்று. யார் வீட்டில், எந்நிலையில் இருந்தது என்பதே.

1919 மார்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கிய இராமானுஜன், நோயுற்ற நிலையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் ‘போலி தீட்டா சார்புகள்’ என்ற புதிய கருத்தை அறிவித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். எஞ்சிய காகிதங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தை அடைந்தன. 1923 ஆகஸ்டில் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரி ஒரு பொதியை ஹார்டிக்கு அனுப்பினார். இத்தாள்கள் அதில் சென்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

1927இல் வெளிவந்த இராமானுஜனின் கட்டுரைத் தொகுதியில் முன்பே அச்சேறியவையே இடம்பெற்றன. உதிரித் தாள்களை ஹார்டி பின்னர் ஜி. என். வாட்சனிடம் ஒப்படைத்தார். பர்மிங்காம் பேராசிரியரான வாட்சன், இராமானுஜனின் குறிப்பேடுகளைப் பதிப்பிக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர். 1935இல் லண்டன் கணிதக் கழகத்தில் அவர் ஆற்றிய தலைமையுரையின் பொருளே போலி தீட்டா சார்புகள்தாம். அப்பொருள் குறித்து இராமானுஜனே எழுதிய தாள்கள், அவர் வீட்டு அறையில் அச்சேறாமல் கிடக்க நேர்ந்தது.

1965இல் வாட்சன் மறைந்தார். நினைவுக் குறிப்பு எழுதும் பொருட்டு ஜே. எம். விட்டேக்கர் அவர் வீட்டிற்குச் சென்றார். ஓர் அறையின் தரை முழுவதும் ஏறத்தாழ ஓரடி உயரத்திற்குக் காகிதம் பரவிக் கிடந்தது. வாட்சன் எதையும் எறியாதவர். கணிதத் தாள்களோடு பணம் செலுத்திய ரசீதுகளும் வருமான வரிப் படிவத்தின் வரைவுகளும் கலந்திருந்தன. சில நாள்களில் அனைத்தும் எரிக்கப்படவிருந்தன. குவியலுக்குள் கைவிட்டுத் துழாவிய விட்டேக்கருக்கு இராமானுஜனின் தாள்கள் அகப்பட்டன. அவரிடமிருந்து ராபர்ட் ராங்கினுக்கும், ராங்கினிடமிருந்து 1968 டிசம்பரில் டிரினிட்டிக்கும் அவை சென்றன.

இங்கே இரண்டு உண்மைகளைச் சேர்த்தே காண வேண்டும். எதையும் எறியாத வாட்சனின் இயல்பே இத்தாள்களைக் காத்தது. எதையும் பிரித்து வைக்காத அதே இயல்பு அவற்றை நெருப்பின் விளிம்புவரை கொண்டுசென்றது. பாதுகாத்தல் வேறு, இன்னது இன்னாருடையது என்று பிறர் அறியச் செய்தல் வேறு. முதலாவது மட்டும் நடந்த வீட்டில், உரியவர் மறைந்ததும் ஆவணம் குப்பையாகிவிடுகிறது.

இவ்வரலாற்றில் பம்பாய்க்கும் இடமுண்டு. கணவர் மறைந்தபின் ஜானகி அம்மாள் தம் சகோதரருடன் இந்நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் பல்கலைக்கழகத்தின் ஓய்வூதியத்தோடும் தையல் தொழிலின் வருவாயோடும் காலம் கழித்தார். இராமானுஜனின் மூன்று குறிப்பேடுகளை 1957இல் இரு தொகுதிகளாக நிழற்படப் பதிப்பாக வெளியிட்டதும் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமே. நிறுவனத்தின் கையில் இருந்தவை அச்சேறின. தனி வீட்டில் இருந்த தாள்கள் அதற்கும் முப்பது ஆண்டுகள் கழித்து, 1987இல் நூற்றாண்டு விழாவை ஒட்டித்தான் நிழற்படப் பதிப்பாயின. அவற்றுக்கு ஆண்ட்ரூசும் புரூஸ் பெர்ன்ட்டும் எழுதிய விளக்கம் 2005 தொடங்கி 2018 வரை ஐந்து தொகுதிகளாக விரிந்தது.

மாட்டுங்கா, செம்பூர், காட்கோபர் பகுதிகளின் பழைய கட்டடங்கள் மறுகட்டுமானத்திற்காக இடிக்கப்பட்டு வருகின்றன. வீடு காலி செய்யும் நாளில் முதலில் இறக்கப்படுவது பரணில் உள்ளவையே. மறைந்த நண்பர் ஒருவர் விட்டுச் சென்ற பெட்டி, சங்கத்தின் வரவு செலவு ஏடு, கையெழுத்து இதழின் ஒற்றைப் பிரதி ஆகியவை எடைக்குப் போவதற்கும் ஆவணக்காப்பகத்திற்குப் போவதற்கும் இடையே பல நேரங்களில் ஒரு சீட்டுதான் வேறுபாடு: யாருடையது, எப்போது வந்தது, யாரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்னும் மூன்று வரிகள். வாட்சனின் அறையில் இல்லாமற்போனது அந்தச் சீட்டே. எல்லா வீட்டிற்கும் ஒரு விட்டேக்கர் உரிய நாளில் வந்து சேர்வதில்லை.