எண்டர் ஏறாத கூண்டு

கற்பனைக் கதையின் நாயகனைப் போர்க்குற்றத்திற்காகக் கூண்டில் ஏற்ற வேண்டுமா என்று எவரேனும் கேட்டால் நமக்கு நகைப்பே எழும். ஆனால், அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்டு 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எண்டர்ஸ் கேம்’ என்னும் அறிவியல் புதினத்தைப் படித்தவர் அவ்வாறு எளிதில் நகைத்துவிட இயலாது.

ஆறு வயதில் விண்வெளிப் போர்ப் பள்ளிக்குக் கொண்டுசெல்லப்படும் சிறுவன் எண்டர், சில ஆண்டுகளுக்குப் பின், இறுதித் தேர்வு என்று நம்பி ஒரு போர் விளையாட்டை ஆடுகிறான். பகைவரின் கோளையே தகர்த்து வெல்கிறான். அதன் பின்னரே அவனுக்கு உண்மை சொல்லப்படுகிறது. அது தேர்வன்று, மெய்யான போர். அறிவுள்ள ஓர் இனம் அவன் கையால் அழிந்துபோயிற்று.

கதையில் ஒரு வழக்கும் உண்டு. ஆயினும், அதில் நிற்பவர் எண்டர் அல்லர். அவனை உருவாக்கிய அதிகாரி கிராஃப். சிறுவரை நடத்திய முறைக்காகவும், எண்டரோடு மோதி மாண்ட இரு சிறுவருக்காகவுமே அவர் விசாரிக்கப்பட்டு விடுதலை பெறுகிறார். ஓர் இனத்தின் அழிவோ குற்றச்சாட்டிலேயே இடம்பெறவில்லை!

வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதன்று. நூரம்பர்க் நீதிமன்றத்திற்கு அடித்தளமான இலண்டன் உடன்படிக்கை 1945 ஆகஸ்டு 8 அன்று கையெழுத்தாயிற்று. இரண்டு நாள்களுக்கு முன் இரோசிமா, மறுநாள் நாகசாகி. மேலிடத்து ஆணை என்பதால் மட்டும் ஒருவன் பொறுப்பினின்று தப்ப முடியாது என்று விதித்த அந்த ஏற்பாடு, தோற்ற தரப்பினரை விசாரிக்க மட்டுமே அமைந்தது. நாகசாகியில் குண்டு வெடித்த வேளையில், விண்ணேற்புத் திருவிழாவுக்கு ஆயத்தமாக உரகாமிப் பேராலயத்தில் இறைமக்கள் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்தனர். அப்பங்கின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் மடிந்தனர். வானூர்தியைச் செலுத்திய சுவீனியும் கத்தோலிக்கரே. நகரங்களைப் பாகுபாடின்றி அழிப்பதைக் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றமாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டித்தது 1965இல்தான்.

சாவான பாவத்திற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்று மறைக்கல்வியில் நாம் கற்றோம். எண்டருக்கு அறிவு இல்லை. அந்த அறியாமையும் தானாக வந்ததன்று, திட்டமிட்டு ஊட்டப்பட்டது. எனவே கூண்டு அவனுக்குரியதன்று என்பதே நம் முடிவு. அவனை இருளில் வைத்தவர்கள், இரு சிறுவருக்காக அன்று, ஓர் இனத்திற்காகவே அதில் நின்றிருக்க வேண்டும்.

எனினும் எண்டர் அந்த விடுவிப்பை ஏற்றுக்கொள்வதில்லை. தான் அழித்த இனத்தின் கதையைப் பெயர் மறைத்து எழுதுகிறான். எஞ்சிய ஒரே அரசியின் கூட்டைச் சுமந்து, அதற்கொரு வாழிடம் தேடி அலைகிறான். 1986இல் வந்த தொடர்ச்சியில் அந்த இடம் கத்தோலிக்கர் குடியேறிய கோளாக அமைவது நமக்கு வியப்பளிக்கிறது.

அணுகுண்டு வீசிய படைப்பிரிவுக்கு டினியன் தீவில் ஆன்ம குருவாக இருந்தவர் அருட்தந்தை ஜார்ஜ் சபெல்கா. அவர் குண்டு வீசவில்லை; எவரும் அவரைக் குற்றஞ்சாட்டவுமில்லை. குடிமக்களைக் கொல்வதற்கு எதிராக அவ்வீரர்களிடம் ஒரு மறையுரைகூடத் தாம் ஆற்றவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஊரறிய அறிக்கையிட்டார்.