நாகப்பட்டினத்தின் வரவும் செலவும்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ராஜா ராணி கதை எனக்கு வராது. பத்து வருஷமாகக் குழுக் கணக்கு நோட்டு எழுதுகிறவள் நான். அதனால் நம்ம நாகையின் வரவு செலவைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், ராஜராஜ சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு ராஜா நாகையில் ஒரு புத்த விகாரம் கட்டினார். அதைப் பராமரிக்க ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தையே எழுதி வைத்தார். செப்பேட்டில் இருக்கிறது. கட்டினால் மட்டும் போதாது, விளக்கு எரிய எண்ணெய்க்குக் காசு எங்கிருந்து வரும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள் பாருங்க!

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1781-ல் இங்கிலீஷ்காரர். நகராட்சி வந்தது 1866-ல். அதற்குக் கொஞ்சம் முன்னாடி, 1861-ல் ரயில் வந்தது. ரயில் கம்பெனியின் தலைமையிடமே நாகைதான். 1875-ல் அது திருச்சிக்குப் போனது. ரயில் பட்டறையும் 1920-களின் கடைசியில் பொன்மலைக்குப் போய்விட்டது. சிங்கப்பூர், பினாங்கு போன பயணிகள் கப்பலும் 1980-களில் நின்றது. வேலை போனால் ஆட்கள் போவார்கள், ஆட்கள் போனால் கடைகள் போகும். நகராட்சி வரியும் சேர்ந்து குறையும்தானே. 1991-ல் தனி மாவட்டம் ஆனபிறகு ஆபீஸ்கள் வந்தன, ஊருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஊரோ தட்டையான கடலோர மண். மழைத் தண்ணீர் தானாக ஓடாது. கடல் ஏறி நிற்கும்போது வாய்க்கால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். நிலத்தடித் தண்ணீர் பல இடத்தில் உப்பு, குடிதண்ணீரை வெளியிலிருந்து குழாயில் கொண்டுவர வேண்டும். குழாய், மோட்டார், கரண்ட் எல்லாம் செலவு. 2011 கணக்குப்படி நகரத்து ஜனம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆனால் நாகூர் கந்தூரிக்கு வருகிற கூட்டம் அந்தக் கணக்கில் வராது. குப்பை மட்டும் கணக்கில் வரும்! கோயில், தர்கா, சர்ச்சுக்குச் சொத்து வரியும் கிடையாது. அது நியாயம்தான், நானும் போகிறவள்தான். ஆனாலும் கூட்டிப் பெருக்குகிறவருக்குச் சம்பளம் கொடுக்கணுமே.

2004 டிசம்பர் 26 பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நம்ம மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். இதைப் படிக்கிறவர்களில் யார் யார் வீட்டில் யார் என்று நமக்கே தெரியும். அதன்பிறகு எங்கிருந்தெல்லாமோ பணம் வந்தது. வீடு, ரோடு, கட்டடம் எல்லாம் வந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும் உதவி வந்தது. ஆனால் இப்படி வருகிற பணம் கட்டுவதற்கு வருகிற பணம். கட்டியதை வருஷா வருஷம் தூர்வார, பழுது பார்க்க, பல்பு மாற்ற ஊரின் சொந்த வருமானம்தான் வேணும். நம்ம கூட்டமைப்புக் கட்டடமும் அப்படித்தானே? கட்ட நிதி கிடைத்தது, கரண்ட் பில்லுக்கு நாம் சந்தா போடுகிறோம்.

அந்தச் சொந்த வருமானத்தில் பெரியது சொத்து வரி. பல வருஷம் ஏற்றாமல் இருந்துவிட்டு 2022-ல் தமிழ்நாடு முழுக்க ஒரேயடியாக ஏற்றினார்கள். 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்பது என் எண்ணம். நம்ம சந்தாவையும் அப்படித்தானே ஏற்றினோம்.

டவுனில் இருக்கிற என் நாத்தனார் வீடு சின்ன ஓட்டு வீடு. தாழ்வான தெரு. வரி ஏறியதுக்குத் திட்டினாள், மழைத்தண்ணி வாசலில் நிற்பதுக்கும் திட்டினாள். "ரெண்டும் ஒரே நோட்டுல இருக்கிற கணக்குதான் அண்ணி"ன்னு சொன்னேன். முறைச்சாங்க. ஏப்ரல் 30-க்குள் அரையாண்டு வரி கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு என்றதும் அவங்க குழுவில் சின்னக் கடன் எடுத்து மறுநாளே கட்டிட்டாங்க. ரசீதைக் காட்டி, "ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு, அதுக்குள்ள வாய்க்கால் பத்திக் கேட்க நீயும் என்கூட வரணும்"னு சொல்லியிருக்காங்க. போகணும்.