ஸ்லாம்: வரையறையும் மொழிபெயர்ப்பும்

ஸ்லாம் என்பது கவிதை வகையன்று. கவிதையை நிகழ்த்தும் ஒரு போட்டி முறை. இதனை மறந்து யாப்பிலோ பாடுபொருளிலோ இதற்கு இலக்கணம் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். செருமன் மொழிப் பகுதியில் சிறு உரைநடைக் கதைகளும் இம்மேடையில் ஏறுகின்றன என்பது நோக்கத்தக்கது.

கட்டடத் தொழிலாளராக இருந்த மார்க் ஸ்மித் 1986 சூலையில் சிகாகோவின் கிரீன் மில் மதுக்கூடத்தில் இதனைத் தொடங்கினார். 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அவையினரிலிருந்து தெரிந்தெடுக்கப்படும் ஐவர் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுவர். மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்படும். இவ்வைவரிடம் புலமை எதிர்பார்க்கப்படுவதில்லை. முறைமையின் உயிர்நாடியே அதுதான். மூன்று நிமிட எல்லை, பத்து நொடிச் சலுகை; வேடவுடையும் இசைக்கருவியும் கூடா; கவிதை நிகழ்த்துவோரின் சொந்தப் படைப்பாதல் வேண்டும் என்பன நிலைபெற்ற விதிகள்.

இறுதி விதியே மொழிபெயர்ப்பாளரைத் தடுப்பது. பிறர் கவிதையை எத்துணைச் சிறப்பாகப் பெயர்த்து உரைப்பினும் அது போட்டிக்குள் அடங்காது. பாரிசில் நடந்த பன்னாட்டுப் போட்டிகளில் கவிஞர் தம் மொழியில் நிகழ்த்த, பெயர்ப்பு திரையில் காட்டப்பட்டது. கவிஞர் சொல்லை நிறுத்தி வைக்கும் இடத்திற்கு முன்பே திரைவரி முடிந்துவிடின் அவை முந்திச் சிரித்துவிடும். பொருள் பிழையாமல் பெயர்த்தும் நிகழ்வு கெடும்.

தமிழில் இதனைக் ‘கவியரங்கம்’ என்பதும் பொருந்தாது. அங்குத் தலைமைக் கவிஞர் உண்டு; தலைப்பு முன்னரே தரப்படும்; தோற்பவர் இல்லை. ‘ஸ்லாம்’ என ஒலிபெயர்த்தலே இப்போதைக்குத் தக்கது.